குடல் கழுவுகிற கை

கோச்கோர்
1998 செப்டம்பர் 20

என் சடைக்காரியே,

நலமா என்று கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் முந்திக்கொள்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன், நலம் கடைசியில் வரட்டும்.

நேற்று பக்கத்து வீட்டில் கல்யாண விருந்து. குதிரை அறுத்தார்கள். என்னை யாரும் வந்து கூப்பிடவில்லை. இந்தத் தெருவில் குதிரை விழுந்தால் குடல் என் பொறுப்பு, அதைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமா? அண்டாவும் உப்பும் குடலைப் புரட்டுகிற குச்சியும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். உன் பெரியண்ணன் பெண்டாட்டி எனக்கு முன்னால் போய் இரண்டு பெண்களோடு குந்தியிருந்தாள்.

"அனார்கான், நீ உள்ள போயி உக்காரு. கைய நனைக்காத" என்றாள்.

புருஷன் செத்து வருஷம் திரும்பாதவள் என்பதால் சொல்கிறாள் என்று நினைத்தேன். துக்கக்காரி வேலை செய்தால் என்ன, வேலை செய்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது என்றேன்.

"துக்கத்துக்குச் சொல்லல. உன் கைக்குச் சொல்றேன். ஈசாகிட்ட போன கை தொட்டதைத் திங்க மாட்டோம்னு ஆம்பளைங்க சொல்லிட்டாங்க."

சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த குடலைப் பிடித்து இழுத்தாள். ஒரு நுனி அவளிடம், ஒரு நுனி என்னிடம். அந்தப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடைசியில் நான் விட்டுவிட்டேன். பயந்து விடவில்லை. இழுத்தால் கிழிந்துவிடும், அதனால் விட்டேன்.

அதுகூட எனக்கு வலிக்கவில்லை. அவள் அடுத்துச் சொன்னதுதான் வலித்தது. உன் அண்ணனுடைய நாற்பதாம் நாள் விருந்தில் இதை முதலில் சொன்னது நீயாம். "மதினி கை படாம பாத்துக்கங்க" என்று நீ சொன்னாயாம். அன்றைக்கு என்னை ஏன் துக்கக் கூடாரத்துக்குள்ளேயே உட்கார்த்தி ஒப்பாரி சொல்ல வைத்தீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

நான் ஞானஸ்நானம் எடுத்தது உன் அண்ணனுக்குத் தெரியாததா? அந்தத் தொட்டித் தண்ணீரைச் சுடவைத்துக் கொடுத்ததே அவர்தான். "குடலை ஒழுங்கா கழுவுற வரைக்கும் நீ யாரைக் கும்பிட்டாலும் எனக்குச் சம்மதம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

மே மாதம் அவருக்கு வருஷ விருந்து. அவர் வளர்த்த செந்தவிட்டு நிறக் குதிரையைத்தான் அறுப்பார்கள். அதன் குடலை நான்தான் கழுவுவேன். எவர் வந்து நின்றாலும் சரி.

நலமா? பிள்ளைகள் நலமா?

உன் மதினி

◆

ஜும்கால்
1998 அக்டோபர் 14

மதினிக்கு,

பஸ்காரர் குபான் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கவா என்று கேட்டார். காத்திருந்தால் நெருப்பைத்தான் கொண்டுபோவீர்கள், போங்கள் என்று அனுப்பிவிட்டேன். இப்போது ஆறிப்போய் எழுதுகிறேன். முழுசாக ஆறவில்லை.

ஆமாம், நான்தான் சொன்னேன். என் அண்ணனுக்காகப் போடுகிற சாப்பாட்டைப் பாதிப் பேர் தொடாமல் எழுந்துபோனால் யாருக்கு அவமானம்? செத்தவனுக்கு. எங்கள் அப்பா, தாத்தா போன வழி உனக்குக் கசந்துபோயிற்று. சரி, போ. போன பிறகும் எங்கள் அண்டாவில் கைவிடுவேன் என்று ஏன் அடம்பிடிக்கிறாய்?

எனக்கு ஒன்று விளங்கவே இல்லை. கோச்கோரில் இருக்கிற உன் சபைக்காரர்கள் உனக்குச் சம்பளத்தோடு வேலை தருகிறார்களாமே. நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற வேலை. அதை வேண்டாம் என்றாயாம். குபான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். மதம் மாறியவர்கள் எல்லாம் மேலே போகிறார்கள், எங்கள் மதினி மட்டும் சாணியை விடமாட்டேன் என்கிறாள் என்று ஊரில் பேச்சு. அந்தக் குடலில் அப்படி என்னதான் வைத்திருக்கிறாய்?

நீ மருமகளாக வந்தபோது எனக்கு ஒன்பது வயது. புருஷன் வீட்டார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று என் சடையைப் பார்த்துப் பேர் வைத்தாய். இன்றைக்கும் அந்த வழக்கத்தை விடாமல் சடைக்காரி என்றுதான் எழுதுகிறாய். பேர் விஷயத்தில் எங்கள் வழக்கம் வேண்டும், சாமி விஷயத்தில் வேண்டாமா?

காலையில் எனக்குத் தலை பின்னுவாயே, நினைவிருக்கிறதா? ஆற்றிலிருந்து நேராக வந்து அந்த ஈரக் கையைக் கழுத்தில் வைப்பாய். பனிக்கட்டி. நான் போடுகிற கூச்சலில் அம்மா ஓடிவருவாள். இப்போதும் உன் கடிதத்தைத் தொட்டால் அதே ஜில்லிப்பு.

வயிறு கொஞ்ச நாளாகச் சரியில்லை. ரொட்டிகூட இறங்கவில்லை. அது கிடக்கட்டும்.

உமுசுனை

◆

கோச்கோர்
1998 நவம்பர் 8

என் சடைக்காரியே,

திட்டித்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் எழுதிவிட்டாய். அது போதும்.

குடலில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டாயே, சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு ஆட்டுக்குட்டி பார்க்கப் போனவள். கோர்வையாக வராது. பொறுத்துப் படி.

சபையின் தம்பி எமில் பட்டணத்திலிருந்து வந்திருந்தார். நல்ல பிள்ளை. "அக்கா, இந்தச் சாணி வேலைய விட்டுடுங்க, இனிமே ஆண்டவருக்கு வேலை செய்யுங்க" என்றார். அப்போது நான் தொழுவத்துக்குப் பக்கத்தில் ஆட்டுக் குடலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடைவீதியில் விற்கிறவர்களுக்குக் கழுவிக் கொடுக்கிறேன், தெரியும்தானே.

"இப்ப யாருக்குச் செய்யறேன் தம்பி?" என்று கேட்டேன்.

இல்லை அக்கா, ஊழியம் வேறே, இது பிழைப்பு என்று இழுத்தார். ஈசா ஆண்டவர் முப்பது வயது வரைக்கும் மரம் இழைத்தார் என்று நீங்கள்தானே படித்துக் காட்டினீர்கள், அந்த வருஷமெல்லாம் அவர் சும்மா இருந்தாரா, அவர் செய்த கதவு கோணலாகவா மூடியிருக்கும் என்று கேட்டேன். தம்பி டீயைக் குடித்துவிட்டு, யோசிக்கிறேன் அக்கா என்று சொல்லிப் போனார். இன்னும் யோசிக்கிறார் போல.

உன் அண்ணன் போன பிறகு என்னால் ஜெபம் செய்ய முடியவில்லை, சடைக்காரி. இதை யாரிடமும் சொன்னதில்லை. முட்டி போடுவேன், வாய் திறக்கும், ஒன்றும் வராது. சபையில் எல்லாரும் பாடுவார்கள், நான் தரைவிரிப்பின் பூவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் ஆற்றில் குடல் அலசிக்கொண்டிருந்தேன். முதல் தண்ணீர் பச்சையாகப் போகும், அப்புறம் மஞ்சள், அப்புறம் பால் மாதிரி. அதன் பிறகும் விடாமல் அலசினால் ஒரு நேரத்தில் தண்ணீர் வந்த மாதிரியே போகும். அன்றைக்கு அப்படித் தெளிந்தபோது நான் அழுதுகொண்டிருப்பதைக் கவனித்தேன். உன் அண்ணன் பெயரைச் சொல்லாமலேயே அவரைப் பற்றி ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். எப்போது ஆரம்பித்தேன் என்றே தெரியாது.

விருந்தில் கறியைப் புகழ்வார்கள், சமைத்தவளைப் புகழ்வார்கள். குடல் கழுவியவளை யாரும் நினைக்கமாட்டார்கள். நினைத்தால் அவள் சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம். அந்தக் குடலுக்குள் என்ன இருந்தது என்று எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். எச்சிலில் மண்ணைக் குழைத்துக் குருடன் கண்ணில் பூசியவர் அவர். அவருக்கு அருவருப்பு கிடையாது. அப்படிப்பட்டவர் பக்கத்தில் உட்கார எனக்கு ஆற்றங்கரையைவிட நல்ல இடம் தெரியவில்லை.

இப்போது நீ சொல்லு. குதிரையை அறுத்தது முல்லா. ஓதியது முல்லா. நான் உள்ளேயிருக்கிற சாணியை எடுக்கிறேன். சாணிக்கு என்ன மதம்?

என் கை அசுத்தம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். என் வேலை அசுத்தம் என்று சபைக்காரர் சொல்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். அதுவரை நான் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு வயிற்றில் என்ன? அது கிடக்கட்டும் என்று எழுதினால் நான் விடுவேனா? வாற்கோதுமை மாவு அனுப்பியிருக்கிறேன், கஞ்சியாகக் காய்ச்சிக் குடி. குபானிடம் இரண்டு வார்த்தையாவது சொல்லி அனுப்பு.

உன் மதினி

◆

ஜும்கால்
1999 ஜனவரி 27

மதினிக்கு,

உன் மாவு வந்தது. பாதியை மருமகள் ரகியா குடித்தாள், எனக்கு இறங்கவில்லை.

பிஷ்கெக்கில் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தேன். வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். புண் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். புண்ணுக்கு யாரும் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழமாட்டார்கள், எனக்குத் தெரியாதா?

உனக்கு மட்டும் சொல்கிறேன். இடுப்புக்கு மேலே ஓட்டை போட்டுக் குடலின் நுனியை வெளியே இழுத்துத் தைத்துவிட்டார்கள். எல்லாம் அந்த வழியாகத்தான். நேரம் காலம் கிடையாது. துணி வைத்துக் கட்டுகிறேன், நனைந்துவிடுகிறது. ரகியா துணி மாற்ற வருகிறாள். கெட்டவள் இல்லை, சின்னப் பெண். மூக்கைத் தலைத்துணியால் மூடிக்கொள்கிறாள். நான் சுவரைப் பார்த்துக்கொள்கிறேன். என் மகன் அறை வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகிறான். ஐந்து மாடு வைத்திருந்த வீட்டில் பிறந்தவள், சாணி நாற்றம் எனக்கு ஒரு நாளும் நாற்றமாகத் தெரிந்ததில்லை. என் நாற்றத்தை என்னால் தாங்க முடியவில்லை.

வந்துவிடாதே. கணவாயில் பனி மூடிக்கிடக்கிறது. அதோடு நீ வந்தால் இங்கே முல்லா, மாமனார் வீட்டார், எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டும். இதையெல்லாம் எவள் தொடுவாள்? நான் சும்மா எழுதுகிறேன். யாருக்காவது எழுத வேண்டும்.

உமுசுனை

◆

கோச்கோர்
1999 பிப்ரவரி 3

என் சடைக்காரியே,

எவள் தொடுவாள் என்று என்னிடம் கேட்கிறாயா? உனக்கு நோய் வயிற்றில்தானே, புத்தியிலுமா?

மாட்டை ஓரகத்தியிடம் விட்டேன். பார்த்துக்கொள்ள மாட்டேன் என்றாள், அவள் தொழுவத்தில் கட்டிவிட்டு வந்துவிட்டேன். கணவாய் திறந்ததும் முதல் வண்டியில் ஏற்றிக்கொள்வதாகக் குபான் சொல்லியிருக்கிறார். திறக்காவிட்டால் நிலக்கரி லாரி இருக்கிறது. முல்லாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். பழைய துணிகளைக் கிழித்து வைக்கச் சொல்லு, பருத்தி மட்டும், நைலான் வேண்டாம்.

இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்துவிட்டால் படிக்காதே, எரித்துவிடு. திட்டை நேரில் கேட்டுக்கொள்.

உன் மதினி

◆

ஜும்கால்
1999 ஏப்ரல் 11

மதினி,

நீ போய் இரண்டு வாரம் ஆகிறது. வீடு மறுபடி ஊமையாகிவிட்டது. உன் மாடு கன்று போட்டிருக்கும், அதனால் போனாய், தெரியும். ஆனாலும் கோபம்தான்.

ரகியா நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே செய்கிறாள். மூக்கை மூடுவதில்லை. நேற்று துணி மாற்றும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தாள். உன்னுடைய சாமிப் பாட்டோ என்று பயந்து கேட்டேன். கல்யாண வீட்டுப் பாட்டாம். உன்னோடு இருந்ததில் அவளுக்கு அதுதான் ஒட்டியிருக்கிறது. நல்லவேளை.

உன்னிடம் சொல்லாமல் ஒன்று செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டேன். வீட்டுக்காரர், மகன், ரகியா, முல்லா. நான் போனதும் என்னைக் குளிப்பாட்டுகிற பெண்களில் ஒருத்தி என் மதினி என்று சொன்னேன். முல்லா தாடியைத் தடவினார். "அது முறை இல்ல தாயி. ஈமான் இல்லாத கை" என்றார்.

"ரெண்டு மாசமா என்னைக் கழுவின கை அது. உசுரோட இருக்கறப்ப சுத்தமா இருந்தது, செத்தா தீட்டாயிடுமா?" என்றேன்.

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். சம்மதத்தை நீதான் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டேன்.

பெரியண்ணனுக்கும் ஆள் அனுப்பினேன். வருஷ விருந்துக் குதிரையின் குடலை மதினிதான் கழுவ வேண்டும், நான் வாயால் கெடுத்ததை நானே வாயால் எடுக்கிறேன் என்று. பதில் வரவில்லை. வராது.

உன் சாமியை எனக்குத் தெரியாது, மதினி. நான் போகிற வழியில்தான் போவேன், என்னை இழுக்காதே. நீ ஒரு நாளும் இழுக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் என் துணியைக் கழுவும்போது உன் வாய் அசையும். என்ன சொல்கிறாய் என்று கேட்க நினைத்தேன். பயமாக இருந்தது, கேட்கவில்லை.

ஒரே ஒரு குறை. உன் கை. இத்தனை வயதாகியும் பனிக்கட்டி. துணியை அவிழ்க்கும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. உன் ஈசா அந்தக் கையைக் கொஞ்சம் சூடாக்கித் தரக் கூடாதா?

உமுசுனை

◆

கோச்கோர்
1999 ஜூன் 19

என் சடைக்காரியே,

குபான் இந்தக் கடிதத்தை எங்கே கொடுப்பது என்று கேட்பார். கொடுக்க வேண்டாம், என் பெட்டியிலேயே இருக்கட்டும். நாம் சொன்னதற்கெல்லாம் பதில் எழுதிப் பழகிவிட்டது. உன் கடைசிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. பால் கறப்பதும் கன்றுக்குட்டியும் என்று நாளைக் கடத்தினேன். ரகியாவின் தந்திதான் வந்தது.

நான் ஜும்காலில் வந்து இறங்கியபோது துக்கக் கூடாரம் போட்டிருந்தார்கள். ஆண்கள் வெளியே தடியை ஊன்றிக் குனிந்து அழுதுகொண்டிருந்தார்கள். உன் வீட்டுக்காரரும் அந்த வரிசையில்தான். நான் நேராகக் கதவுக்குப் போனேன். முல்லா குறுக்கே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், பொய் சொல்லக் கூடாது. அழுகிறதற்கு உள்ளே போகலாம், குளிப்பாட்டுகிற திரைக்குப் பின்னால் போகக் கூடாது என்றார். அவள் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா இல்லையா என்று கேட்டேன். நோயாளி பேச்சு என்றார். உன் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தடியைப் பார்த்தார்.

அப்போது ரகியா வெளியே வந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. கையில் தண்ணீர் ஊற்றுகிற கெண்டி. மாமனாருக்கு முன்னால் குரல் உயர்த்தாத பெண் அது.

"அத்தை சொன்னப்ப நானும் இருந்தேன்" என்றாள். கெண்டியை என் கையில் கொடுத்தாள்.

கெண்டியோடு உள்ளே போகிற பெண்ணைத் தொட்டுத் தடுக்க ஆண்களுக்கு முறை இல்லையே. முல்லா விலகினார். நான் போனேன்.

திரைக்குப் பின்னால் உன் மாமியார் வீட்டுப் பெண்கள் நாலு பேர் இருந்தார்கள். அவர்களில் மூத்தவள் என்னைப் பார்த்ததும், தண்ணீர் வேணும்னா ஊத்து, உடம்பில் கை வைக்காதே என்றாள். சரி என்று நின்றேன். தலைமாட்டுக்கு ஒருத்தி, தோளுக்கு ஒருத்தி என்று பிரித்துக்கொண்டார்கள். பிறகு வயிற்றுத் துணியை அவிழ்த்தார்கள்.

கடைசி நாளில் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும், எழுதமாட்டேன். ஒருத்தி பின்னால் நகர்ந்தாள். மூத்தவள் கையுறைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். அந்தத் துணியை அவள் கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை யாரும் இழுக்கவில்லை.

கழுவினேன். எனக்குத் தெரிந்த மாதிரி கழுவினேன். முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், போதும் என்றார்கள், நான் விடவில்லை. தெளிகிற வரைக்கும் ஊற்றச் சொன்னேன். அந்த மூத்தவள்தான் ஊற்றினாள். முடிந்ததும் தலைமாட்டிலிருந்தவள் இடம் விட்டாள். உன் முடியை இரண்டாகப் பிரித்துப் பின்னினேன். பாதிதான் மிஞ்சியிருந்தது, இருந்தாலும் சடை சடைதான்.

என் வாய் அசையும்போது என்ன சொல்கிறேன் என்று கேட்க நினைத்தாயே. உன் பெயரைத்தான். வாய்க்குள்ளே சொல்வேன், சத்தம் வராது. அன்றைக்குச் சத்தமாகச் சொன்னேன். உமுசுனை, ஆண்டவரே, இவள் உமுசுனை என்றேன். நாத்தனார் பெயரைச் சொல்கிறாளே என்று ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஈசா பெயரைச் சொன்னதைவிட அதுதான் அவளுக்குப் பெரிய குற்றமாகப் பட்டது. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

வழக்கப்படி உன் உடுப்பை எங்களுக்குப் பங்கு வைத்தார்கள். எனக்குக் கொடுக்கலாமா என்று வெளியே ஆண்களுக்குள் பேச்சு நடந்ததாம். அதற்குள் மூத்தவள் உன் நீலச் சட்டையை என் மடியில் போட்டுவிட்டாள். இதோ, போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். தோளில் இறுக்கம். நீ எப்போதும் ஒல்லி.

உன் நாற்பதாம் நாளுக்காகத் தள்ளிவைத்திருந்த உன் அண்ணனின் வருஷ விருந்து நாளைக்கு. அந்தச் செந்தவிட்டுக் குதிரையைச் சாயங்காலம் கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. பெரிய வீட்டில் இரண்டு பெண்களை ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். தம்பி எமில் வந்திருந்தார். அக்கா, அவமானப்பட வேண்டாம், நாளைக்குச் சபையில் உட்கார்ந்து ஜெபிக்கலாம் என்றார். நீங்க ஜெபிங்க தம்பி, எனக்கு ஆத்துல வேலை இருக்கு என்று சொல்லிவிட்டேன். அண்டாவைத் தேய்த்து வைத்தாயிற்று. உப்பு கட்டியாயிற்று. விடிந்ததும் போய் எல்லாருக்கும் முன்னால் குந்தியிருப்பேன். மறுபடி ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் இந்த முறை விடமாட்டேன். கிழியாமல் பிடிக்கத் தெரியும் எனக்கு. என் புருஷனுக்குச் செய்கிற வேலையை என் ஆண்டவர் முன்னால் செய்யப்போகிறேன். சாப்பிடுகிறவர்கள் சாப்பிடட்டும், எழுந்துபோகிறவர்கள் போகட்டும்.

ஒன்று மட்டும் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீ வைத்த அந்த ஒரே குறை. திரைக்குப் பின்னால் போவதற்கு முன், கதவுக்கு உள்ளே டீக்குத் தண்ணீர் கொதிக்கிற சமோவாரில் இரண்டு கையையும் ஒட்டிவைத்துக்கொண்டு நின்றேன். தோல் சிவந்துபோகிற வரைக்கும் எடுக்கவில்லை. பெண்கள் பைத்தியம் என்று பார்த்தார்கள். தண்ணீரையும் முழங்கையில் விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் வெந்நீர் கலக்கச் சொல்லித்தான் தொட்டேன்.

சூடு போதுமாக இருந்ததா, சடைக்காரி?